கூந்தலும் கைமருந்தும்

தமிழ்ப் புலவர்கள் கூந்தலைப் பாடிய அளவுக்குப் பெண்ணின் வேறோர் அங்கத்தைப் பாடினரோ என்பது ஐயமே. ஓதி, குழல், ஐம்பால், அளகம் எனக் கூந்தலுக்கு வழங்கிய பெயர்களை மட்டும் திரட்டினாலே ஒரு சிறு நிகண்டு உருவாகும். கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்ற ஐயம் பாண்டியன் அவையில் எழுந்து, இறைவனுக்கும் நக்கீரருக்குமிடையே பெரு வழக்காக முற்றியதைத் திருவிளையாடற் கதை கூறுகின்றது. பூவும் நெய்யும் தரும் மணமேயன்றிக் கூந்தலுக்கெனத் தனி மணம் இல்லையென்று நக்கீரர் வாதித்தார். கதை கற்பனையாக இருக்கலாம். ஆயினும் இயற்கையானது எது, மனிதர் சேர்த்தது எது எனப் பிரித்தறிய முயலும் அந்த மனப்பாங்கு இன்றும் நமக்கு வேண்டியதே.

கூந்தலை இவ்வாறு பாடிய சமுதாயந்தான், கணவனை இழந்த பெண்ணின் தலையை மழிக்கவும் செய்தது. ஆகவே நம்மிடையே கூந்தல் வெறும் மயிராக என்றும் இருந்ததில்லை. அது மங்கலத்தின் அடையாளமாகவும், மணச் சந்தையில் ஒரு மதிப்பாகவும் இருந்துவந்துள்ளது. முடி உதிர்வதைக் கண்டு ஒரு பெண் அடையும் அச்சத்தை அழகு மோகமென்று ஒதுக்கிவிடுவோர் இவ்வரலாற்றை மறந்துவிடுகின்றனர்.

அவ்வச்சத்துக்கு நம் வீடுகள் கண்ட விடை கைமருந்து. யாழ்ப்பாணத்து வீடுகளில் தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ எடுத்து, அதிற் கையாந்தகரைச் சாறும் நெல்லிக்காய்ச் சாறும் விட்டு, கறிவேப்பிலை, செவ்வரத்தம்பூ, சிறிது வெந்தயம் ஆகியவற்றையும் இட்டு, நீர் வற்றி ஓசை அடங்கும்வரை காய்ச்சி வடிப்பர். முழுக்குக்குச் சீயாக்காயும் வெந்தயமும் தேசிக்காயும் அவித்தரைத்த அரப்பு. இம்முறைகள் கிழவிகளின் பேச்சிலிருந்து மட்டும் பிறந்தவையல்ல. ஏழாலை ஐ. பொன்னையா பதிப்பித்த பரராசசேகரம் என்னும் ஈழத்து வைத்திய நூலிலே தலை நோய்களுக்கெனத் தனிப் பகுதியே உண்டு. ஏட்டு மரபும் அடுக்களை மரபும் நெடுங்காலம் ஒன்றையொன்று வளர்த்து வந்துள்ளன.

எங்கள் குடும்பத்தில் இந்த எண்ணெய் பெற்ற புகழுக்கு ஒரு காரணம் உண்டு. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது நாங்கள் தென்மராட்சியில் ஒரு கொட்டிலில் இருந்தோம். அங்கு என் சின்னம்மாவுக்கு நெருப்புக் காய்ச்சல் கண்டது. உயிர் தப்பினார். ஆனால் மூன்று மாதம் கழித்து, உடல் தேறிவரும் வேளையில், தலைமுடி கற்றை கற்றையாகக் கழன்றது. 1996இல் ஊர் திரும்பியதும் அம்மம்மா எண்ணெய் காய்ச்சினார். அடுத்த தைப்பொங்கலுக்குள் சின்னம்மாவின் தலை மீண்டும் நிறைந்துவிட்டது. எண்ணெயின் புகழ் ஒழுங்கை முழுதும் பரவிற்று. ஒழுங்கை முனையில் இருந்த தபாற்கந்தோர் ஊழியர் ஒருவரும் போத்தலுடன் வந்தார். முப்பது வயதிலேயே அவருக்கு முன்தலை வெளித்திருந்தது. ஓராண்டு தேய்த்தும் அவருக்கு ஒரு மயிரும் முளைக்கவில்லை. "அவன் பத்தியம் காக்கேல்லை," என்று அம்மம்மா தீர்ப்புக் கூறினார்.

ஒரே எண்ணெய் ஒருவருக்குப் பலித்து மற்றவருக்குப் பலியாமற் போனதேன்? விடை பத்தியத்தில் இல்லை. மயிரின் வாழ்க்கையில் உள்ளது. மனிதர் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் மயிர்கள் உள. ஒவ்வொன்றும் ஈராண்டு முதல் ஆறாண்டு வரை, மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வீதம் வளர்கின்றது. பின்னர் சில வாரங்களில் வேர் சுருங்குகின்றது. மூன்று மாதமளவில் ஓய்ந்திருந்து உதிர்கின்றது. அதே குழியிற் புதியது முளைக்கின்றது. எனவே நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு மயிர் உதிர்வது நோயன்று. கடுங்காய்ச்சல், பிள்ளைப்பேறு, பட்டினி, பெருந்துயர் முதலியன உடலைத் தாக்கும்போது, வளர்ந்துகொண்டிருக்கும் மயிர்களிற் பெரும்பங்கு ஒரே வேளையில் ஓய்வு நிலைக்குச் சென்றுவிடும். இரண்டு மூன்று மாதங்களின் பின் அவை ஒருங்கே உதிரும். கொரோனாத் தொற்றிலிருந்து மீண்டவர்கள் பலர் 2020ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் இதையே அனுபவித்தனர். தாக்கிய காரணம் நீங்கிவிட்டால் சில மாதங்களில் முடி தானாகவே திரும்பும். சின்னம்மாவின் தலையில் நிகழ்ந்தது இதுவே. மருந்து தேடிப் புறப்படும் வேளையும் இயற்கை தன் பணியைத் தொடங்கும் வேளையும் ஒன்றாக அமைவதால், புகழ் மருந்துக்குப் போய்ச் சேருகின்றது.

தபாற்கந்தோர்க்காரரின் வழுக்கை வேறு வகையினது. இளமையிலேயே விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு இவ்வழுக்கை ஏற்படுவதில்லை என்பதையும், குலவழியில் அந்த இயல்பு உடையோர்க்கு ஆண் ஓமோனைச் செலுத்தியபோது அது தோன்றியதையும் ஜேம்ஸ் ஹமில்ற்றன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1942இல் எடுத்துக்காட்டினார். பரம்பரையும் ஓமோனும் சேர்ந்து மயிர்க்குழிகளைச் சிறுகச் சிறுக ஒடுக்கும் இந்த நிலையை அடுப்பிற் காய்ச்சும் எண்ணெய் மாற்றாது.

இதனாற் கைமருந்தை முற்றாக எள்ளி நகையாட வேண்டுமென்பது என் கருத்தன்று. பக்தாத் நகரத் தோல் வைத்தியர்கள் 2002இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பார்ப்போம். வட்டமாக முடி கொட்டும் நோயுடையோர் இருபத்துமூவர் வெங்காயச் சாற்றை நாளொன்றுக்கு இருமுறை பூசினர். பதினைவர் வெறும் நீரைப் பூசினர். ஆறு வாரத்தில் முதற்பகுதியினருள் இருபதின்மருக்கும், எட்டு வாரத்தில் மற்றப் பகுதியினருள் இருவருக்குமே முடி முளைத்தது. வெங்காயத் தோட்டங்கள் நிறைந்த நம் ஊருக்கு இது இனிய செய்தியே. ஆனால் ஆய்வு மிகச் சிறியது. அந்நோயோ பலருக்குத் தானாகவே மாறுவது. பரம்பரை வழுக்கைக்கு அச்சாறு உதவுமென்று அதிலே காட்டப்படவுமில்லை. தேங்காயெண்ணெய் மயிரின் புரதம் கழிந்துபோவதைக் குறைக்கின்றதென 2003இல் இந்தியாவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதைச் செய்தவர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனமொன்றின் ஆய்வாளர்கள் என்பதையும் நாம் கருத்திற் கொள்ளவேண்டும். எண்ணெய் மயிர் முறிவதைத் தடுக்கலாம். வேரை முளைக்கவைப்பது வேறு காரியம். இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த மினொக்சிடில் என்ற மருந்து நோயாளருக்கு முடியை வளர்த்ததைக் கண்டு, பரிசோதித்து, 1988இல் அமெரிக்காவிற் தலைக்குப் பூசும் மருந்தாக அனுமதித்தனர். அதுவும் தற்செயலாகக் கண்டதுதான். கண்டதைச் சோதனைக்கு உட்படுத்தியமையே வேறுபாடு.

அம்மம்மாவின் எண்ணெயாற் பயனில்லாவிடினும் கெடுதியில்லை, செலவுமில்லை. இலையும் பூவும் வளவில் இருந்தன. இன்றோ அதே எண்ணெய் பளபளக்கும் போத்தலில், 'நூறு வீதம் இயற்கை' என்ற முத்திரையுடன் கைத்தொலைபேசித் திரையில் விற்பனைக்கு வருகின்றது. மக்களின் பொதுச் சொத்தாக இருந்த அறிவு பண்டமாகி, அம்மக்களுக்கே விலைக்கு வருகின்றது. 'இயற்கை' என்ற சொல் கேள்வி கேட்கும் வாயை அடைத்துவிடுகின்றது. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோதும் அச்சொல்லே முன்னிறுத்தப்பட்டது. சில மாதங்களுள் அத்தடை கைவிடப்பட்டது. அதற்குள் விளைச்சலை இழந்தவன் விவசாயி.

அவ்விழப்பைத் தொடர்ந்து வந்த 2022ஆம் ஆண்டின் நெருக்கடியை எவரும் மறந்திரார். அவ்வாண்டு செப்டெம்பரில் உணவுப் பொருட்களின் விலை, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, ஓராண்டில் 94.9 வீதம் ஏறியிருந்தது. அடுத்த ஆண்டு என் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி பாட வேளையில் அடிக்கடி தூங்கி விழுந்தாள். அவளது இரட்டைப் பின்னல் விரல் தடிப்புக்கு மெலிந்திருந்தது. வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலிக்குப் போகும் தாயை அழைத்துப் பேசினேன். அவர் பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்துக் காட்டினார்.

"சீப்பு முழுக்க முடி ரீச்சர். பிள்ளை தலை இழுக்கவே பயப்பிடுறாள். இந்த எண்ணெய் 2400 ரூபா. கடனுக்குத்தான் எடுத்தனான்."

"காலமை என்ன சாப்பிட்டிட்டு வாறவள், அம்மா?"

"வெறுந் தேத்தண்ணிதான். பள்ளிக்கூடம் விட்டு வந்துதான் சோறு. முட்டை, மீன் எண்டால் தம்பியவைக்குத்தான் காணும்."

அப்பணத்துக்கு அப்போது எத்தனையோ முட்டை வாங்கியிருக்கலாம். அரசாங்க வைத்தியசாலையில் இரத்தத்தைச் சோதித்தபோது, 12 கிராமேனும் இருக்கவேண்டிய ஈமோகுளோபின் 8.9 கிராமாக இருந்தது. இரத்தம் வற்றிய உடல், உயிருக்கு இன்றியமையாத உறுப்புகளுக்கே முதலில் உணவளிக்கும். மயிர் அதன் கணக்கிற் கடைசியில் நிற்பது. வைத்தியர் இரும்புச் சத்துக் குளிசை கொடுத்தார். தேநீர் உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்கவிடாது தடுக்குமாதலால் அதனை உணவோடு குடிக்க வேண்டாமென்றார். நெல்லியும் தேசிக்காயும் அந்த இரும்பை ஏற்கத் துணைசெய்யும் என்றும் விளக்கினார். தலையில் தேய்த்த நெல்லி வயிற்றுக்குச் சென்றிருந்தால் அதன் பயன் நிச்சயமாக இருந்திருக்கும்.

ஆசிரியைகள் சிலர் சேர்ந்து அவளுக்கும் அவளைப் போன்ற இன்னும் எழுவருக்கும் காலையுணவு ஒழுங்கு செய்தோம். ஆறு மாதமளவில் அவளுடைய நெற்றியோரத்திற் குறுமயிர்கள் அரும்பின. தாய் எண்ணெயையும் விடவில்லை. முடி அதனால்தான் முளைத்ததென்றே இன்றும் கூறுவார். நான் வாதிட முற்படவில்லை. ஆனால் அவள் வகுப்பில் தூங்கி விழுவது நின்றதே, அதனை எண்ணெய் செய்திராது.

என் முதல் நியமனம் மலையகத்தில். அங்கு மூத்த கொழுந்துப் பெண்கள் சிலருக்கு, கூடைக் கயிறு பதியும் உச்சியில் முடி மெலிந்து தோல் தெரியக் கண்டிருக்கின்றேன். ஓயாத இழுப்பும் அழுத்தமும் மயிர்வேரைக் கெடுக்குமென்பது வைத்தியர் அறிந்த செய்தி. அந்தத் தலைக்கு எந்த இலையை அரைத்துப் பூசுவது? சுமையைத் தலையிலிருந்து இறக்குவதே அதற்கு மருந்து. அதனை வைத்தியர் எழுதிக் கொடுக்க முடியாது. தொழிற்சங்கம் கேட்டுப் பெறவேண்டும்.

ஆகவே முடி உதிரும் மாணவியைக் காணும் ஆசிரியர் முதலிற் கேட்கவேண்டியது, என்ன பூசுகின்றாய் என்பதன்று. என்ன உண்கின்றாய் என்பதே. அண்மையிற் காய்ச்சல் வந்ததா, மாதவிலக்கு மிகுதியாகப் போகின்றதா என்று ஆசிரியைகள் பரிவோடு விசாரிக்கலாம். வட்டமாக முடி கொட்டினாலோ, தலைத்தோல் சிவந்து செதிலுதிர்ந்தாலோ, களைப்பும் சேர்ந்திருந்தாலோ தாமதியாது வைத்தியரிடம் அனுப்பவேண்டும். பாடசாலைகளில் வாரந்தோறும் வழங்கும் இரும்புக் குளிசை குப்பைத் தொட்டிக்குப் போகாமற் பார்ப்பதும் நம் பொறுப்பே. வீட்டு எண்ணெயை விரும்புவோர் பூசிக்கொள்ளட்டும். கடன்பட்டு வாங்குவதை மட்டும் நாம் தடுப்போம்.

இவையெல்லாம் இன்றே செய்யக்கூடியவை. இவற்றுக்கு அப்பால், தாயின் நாட்கூலி மகளின் காலையுணவுக்குப் போதாதிருப்பதும், வீட்டிலுள்ள ஒரு முட்டை மகனுக்கே உரியதென எண்ணுவதும் மாறவேண்டும். முன்னையதற்குத் தோட்டத்திலும் வயலிலும் உழைப்போரின் அமைப்புகளோடு நாம் நிற்கவேண்டும். பின்னையதை நம் வகுப்பறைகளிலும் வீடுகளிலும் நாமே தொடங்கலாம்.