ரெண்டு பல்பு

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலை மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெறப்பட்டதே, அந்தச் சமயத்தில் ஒரு கூட்டத்துக்கு என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். எல்லோரும் எட்டு மணி நேரம் பறிபோகிறது என்று பேசினார்கள். நான் எழுந்து வேன் ரேடியோவில் பல்பு போன கதையை ஆரம்பித்தேன். முன்வரிசைத் தோழர் ஒருவர், 'விஷயத்துக்கு வாங்கம்மா' என்றார். விஷயமே அதுதான். எட்டு மணி நேரம் எப்போது முடிந்தது என்று தெரிந்தால்தானே அது பறிபோனதும் தெரியும்? அங்கே முடிக்க விடவில்லை. இங்கே முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

2013-ல் எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு நாலு மாசம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனிக்குக் காண்ட்ராக்ட் வேலைக்குப் போனேன். பிளாஸ்டிக் சாமான்களில் பிசிறு சீவி, அட்டைப் பெட்டியில் அடுக்கவேண்டும். மதியம் ரெண்டு மணி ஷிப்ட், ராத்திரி பத்துக்கு விடணும். ஒரு காலத்தில் ராத்திரி ஷிப்டில் பெண்களை வைக்க தொழிற்சாலைச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு தடையாக இருந்தது. 2000 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அதை நீக்கியது. பாதுகாப்பு, போக்குவரத்து வசதி எல்லாம் செய்து தரணும் என்று நிபந்தனை போட்டது. அந்த நிபந்தனைதான் எங்களுக்கு வேனாக வந்தது.

வேனில் பதின்மூன்று பெண்கள். ஊர்க்காரர்கள் ஐந்து, காலனி எட்டு. இன்னார் இங்கே உட்காரணும் என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் முன்சீட்டுகளில் ஊர், பின்சீட்டுகளில் காலனி. என் பெரியம்மாவுக்கு அப்போது ஐம்பது வயசு. முன்னால் உட்கார்ந்த ஊர் அக்காவுக்கு முப்பத்தைந்துகூட இருக்காது. பெரியம்மா அவரை 'ம்மா' என்பார். அவர் பெரியம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். வேன் ஊர் அரசமரத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து ஏரிக்கரை மேல் இருட்டில் ஒன்றேகால் கிலோமீட்டர் நடந்தால் காலனி.

நிரந்தரத் தொழிலாளிக்கு நேரம் பதியக் கார்டு மெஷின் உண்டு. எங்களுக்கு சூப்பர்வைசர் கையில் ஒரு நோட்டு. எத்தனை மணிக்கு விட்டாலும் அதில் 'பத்து' என்றுதான் எழுதுவார். போன் கொண்டு வரக்கூடாது. வந்தால் தொலைந்துபோனதுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்போது வீட்டுக்கு ஒரு போன்தான், அது ஆம்பளைகள் கையில் இருக்கும். மெஷினில் மாட்டும் என்று வாட்ச், வளையல் எதுவும் கட்டக்கூடாது. சம்பளத்தன்று பெரியம்மா, 'பதினோரு மணி வரிக்கும் நிக்க வச்சிக்கினு பத்துனு போட்டுக்கிறீங்களே சார்' என்று கேட்டார்.

'நீ மணி பாத்தியா?'

அதோடு பேச்சு முடிந்துவிட்டது. பார்க்கவில்லையே.

வேனில் கம்பெனியிலேயே பொருத்தி வந்த பழைய ரேடியோ ஒன்று இருந்தது. மணி காட்டும். மதியம் போகும்போது பளிச்சென்று தெரியும். ராத்திரி திரும்பும்போது அந்த இடம் ஒரு கறுப்புக் கட்டம். கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பின்னாலிருந்த பல்பு மட்டும் போய்விட்டது. உள்விளக்கைப் போடச் சொன்னால், 'கண்ணாடில அடிக்குது' என்று டிரைவர் போடமாட்டார். அவரையே மணி கேட்டால், 'இப்பத்தான் பத்து' என்பார். அவர் வேன் முதலாளிக்குச் சொந்தக்காரர்.

அந்தப் பல்பை மாற்றச் சொன்னதும் அதே டிரைவர்தான். ராத்திரியில் ஸ்டேஷன் மாற்ற அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கிறது. ஜி.என்.டி. ரோட்டில் ஒரு பாய் வைத்திருந்த ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைக்கு வண்டியை விட்டார். அங்கே வேலை பார்த்தவன் என் தம்பி. திருவள்ளூர் பக்கத்தில் 1998-லிருந்து லான்சர் கார் செய்தார்கள். நம்ம மாவட்டத்தில் செய்த கார். என் தம்பி அதன் உள்பக்கத்தை முதல்முதலில் பார்த்தது பாய் கடையில், டேஷ்போர்டைக் கழற்றிப் போட்டிருந்தபோது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. தம்பிக்குச் சோறு கொண்டுபோன நான் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினான். பிறகு டேஷ்போர்டு சட்டத்தை நெம்பி எடுத்து, நாலு ஸ்குரூ கழற்றி ரேடியோவை வெளியே இழுத்தான். முன்முகத்தைப் பிரித்தால் பச்சை போர்டு. அதில் நெல்மணி அளவில் ரெண்டு பல்பு, தலையில் பச்சை ரப்பர் தொப்பி. கண்ணாடி உள்ளே கருத்திருந்தது. 'கம்பி சூடாயி சூடாயி கொஞ்சங் கொஞ்சமா கரையும்க்கா. கரைஞ்சது கண்ணாடில ஒட்டிக்கும். ஒருநாள் வண்டி குலுங்கும்போது பட்டுனு அறுந்துடும்' என்றான். மணி காட்டும் அந்த எல்.சி.டி. தகட்டுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாதாம். பகலில் வெளியிலிருந்து விழுகிற வெளிச்சத்தில் எழுத்து தெரியும். ராத்திரியில் பின்னாலிருந்து யாராவது விளக்கு பிடித்தால்தான் உண்டு.

அதே அளவு பல்பு கடையில் இல்லை. ரிச்சி தெருவுக்குப் போனால் கிடைக்கும், டிரைவருக்குப் பொறுமை இல்லை. தம்பி வெள்ளை எல்.இ.டி. ரெண்டு எடுத்தான். நேராகப் பன்னிரண்டு வோல்ட் கொடுத்தால் செத்துப்போகும் என்று ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் ஓம்ஸ் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்துப் பத்த வைத்தான். கால் மாறினால் எரியாது என்று ரெண்டு தரம் பார்த்தான். எல்.இ.டி. ஒரே பக்கமாக அடிக்கும், நடுவில் மட்டும் பொட்டு மாதிரித் தெரியும் என்று அதன் தலையை உப்புத்தாளில் தேய்த்து மங்கலாக்கினான். பழைய பச்சைத் தொப்பியையே மறுபடி மாட்டினான். பேட்டரியைக் கழற்றினதால் மணி அழிந்து போயிருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சரியாக வைத்தான். அதை யாரும் செய்யச் சொல்லவில்லை. பாய் கடைக் கூலி நூற்றைம்பது ரூபாய். 'காலனிப் பையனா கைய வச்சான்?' என்று வேன் முதலாளி பிறகு கேட்டாராம். பல்பு எரிந்ததால் விட்டுவிட்டார்.

மறுநாள் ராத்திரி வேனில் பச்சையாக மணி தெரிந்தது. ஆனால் எங்களுக்குத் தெரியவில்லை. பின்சீட்டிலிருந்து பார்த்தால் முன்னால் ஐந்து தலை மறைக்கிறது. பெரியம்மாதான் கேட்டார். 'ம்மா, இன்னா மணி ஆவுது?' ஊர் அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. டிரைவரைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, 'மணி பத்து அம்பத்திரெண்டு' என்றார். அவருக்கும் தினம் அந்த ஐம்பத்திரெண்டு நிமிஷம் போய்க்கொண்டுதான் இருந்தது.

அன்றிலிருந்து தினமும் வேன் கேட்டைத் தாண்டும்போது பெரியம்மா கேட்பார், அவர் சொல்வார், நான் நூறு பக்க நோட்டில் எழுதுவேன். எம்.ஏ.வில் முல்லைப்பாட்டு எனக்குப் பாடம். பாசறையில் அரசனுக்கு நாழிகைக் கணக்கர் வந்து நேரம் சொல்வார்கள். விளக்கு அவிய அவியப் பெண்கள் நெய் ஊற்றி ஏற்றுவார்கள். பரீட்சையில் கேட்டார்கள், எழுதினேன், மார்க்கும் வாங்கினேன். அந்தப் பெண்கள் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனார்கள் என்று எந்தப் பேராசிரியரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இருபத்தாறு ராத்திரி எழுதினேன். கூட்டினால் இருபத்தொரு மணி நேரம். அப்போது நடப்பிலிருந்த 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாளுக்கு ஒன்பது மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம், இதில் எதைத் தாண்டினாலும் இரட்டைக் கூலி. எங்களுக்கு வாரம் ஆறு நாள், எட்டெட்டாக நாற்பத்தெட்டு ஏற்கெனவே ஆகிவிடும். அந்த நாற்பத்தெட்டு எங்கிருந்து வந்தது என்று பெரியம்மாவுக்குச் சொன்னேன். அண்ணல் அம்பேத்கர் 1942-லிருந்து 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர். வருஷம் முழுக்க ஓடும் ஆலைகளில் வாரம் 54 மணி நேரமாக இருந்ததை 48 ஆக்கிய திருத்தம் 1946-ல் வந்தது. அவர் கொண்டுவந்த மசோதா அது. பெரியம்மா, 'அவுரு போட்டு வச்ச கணக்க இவன் பத்துனு எழுதி அழிச்சிக்கினு கீறானா?' என்றார். சட்டக் கல்லூரியில் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித் தருவார்களா தெரியவில்லை.

மனு எழுதினேன். காலனிப் பெண்கள் எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டோம், பெரியம்மா கைநாட்டு. ஊர்ப்பக்கம் ஐந்து பேரும் போடவில்லை. அந்த அக்காவிடம் நானே கேட்டேன். 'எங்க வூட்ல ஒத்துக்க மாட்டாங்க. உங்களோட சேந்து பேர் போட்டா ஊர்ல பேசுவாங்க. மணி வேணா சொல்றேன்' என்றார். கோபம் வந்தது. இன்றைக்கும் அந்தக் கோபம் போகவில்லை. ஆனால் அவர் மணி சொல்லாமலிருந்தால் மனுவே இல்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.

நோட்டில் தேதி, மணி, நிமிஷம் எல்லாம் இருந்ததால் காண்ட்ராக்டருக்கு 'நீ பாத்தியா' என்று கேட்க முடியவில்லை. ஆய்வாளர் வரை போகவேண்டாம் என்று ஆள் விட்டுச் சொன்னார். பத்தொன்பது மணி நேரத்துக்கு ஒற்றைக் கூலி கொடுத்தார். ரெண்டு மணி நேரத்தை ஏன் குறைத்தார் என்று சொல்லவில்லை. கையெழுத்துப் போட்ட எட்டுப் பேருக்கும் கிடைத்தது, போடாத ஐந்து பேருக்கும் கிடைத்தது.

அடுத்த வாரம் திங்கட்கிழமை கடைசிப் பெட்டியை ஒட்டி முடிக்க ரொம்ப நேரமாகிவிட்டது. கால் கடுத்துப்போய் ஏறினோம். வேன் கேட்டைத் தாண்டியதும் பெரியம்மா வழக்கம்போல, 'ம்மா, இன்னா மணி?' என்றார். ரேடியோவில் தம்பி வைத்த வெளிச்சம் நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. டிரைவர் நேராக ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். ஊர் அக்கா குனிந்து ஒரு தரம் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார்.

தினம் 'மணி பத்து அம்பது', 'மணி பத்து நாப்பத்தஞ்சு' என்று சொல்கிறவர், அன்றைக்கு, 'பத்து பத்துனு காட்டுது' என்றார்.

நான் நோட்டில் அப்படியே எழுதினேன்: 'பத்து பத்து என்று காட்டுகிறது.'