ரெண்டு சர்ச், ஒரு தூக்குவாளி

மார்கழி மாதத்தில் மதுரைக்கு வந்திருக்கிறீர்களா? விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து தெருவில் நின்று பாருங்கள். ஒரு பக்கம் கோயில் ஸ்பீக்கரில் திருப்பாவை. அங்கிட்டுப் பார்த்தால் கறுப்பு வேட்டியில் சரணகோஷம். நடுவே எங்களைப் போன்ற ஆசாமிகள், ராத்திரி முழுக்க கேரல் ரவுண்ட்ஸ் போய்த் தொண்டை கட்டி, டீக்கடை தேடி அலைந்துகொண்டிருப்போம். இந்த மாதத்தில் எந்த மதத்துக்காரனுக்கும் தூக்கம் கிடையாது!

எங்கள் வீட்டில் இந்தக் கஷ்டம் டபுள். அம்மா ஆர்.சி., அப்பா சி.எஸ்.ஐ. இருபத்துநாலாம் தேதி நள்ளிரவுப் பூசைக்கு அம்மாவோடு கீழவெளி வீதி மரியன்னை பேராலயம். திருமலை நாயக்கர் மகாலிலிருந்து நடந்தே போய்விடலாம். வீட்டுக்கு வந்து தலையைச் சாய்த்தால் அப்பா உலுக்கி எழுப்புவார், நரிமேடு கதீட்ரலில் விடியற்காலை ஆராதனைக்கு. அம்மா முணுமுணுத்துக்கொண்டே வருவாள்: "ஒரே ஏசுவுக்கு ஒரே ராத்திரியில ரெண்டு பர்த்டேயா?"

ரெண்டு பேருக்குமே பரம்பரைப் பெருமை உண்டு. அம்மா, 1606-ல் மதுரை வந்த இத்தாலிக்காரர் ராபர்ட் டி நொபிலியிலிருந்து ஆரம்பிப்பாள். தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டு, காவி உடுத்தி, கறி மீன் தொடாமல் சந்நியாசியாக வாழ்ந்தவர். அப்பா சளைக்காமல் 1834-ல் வந்த அமெரிக்க மிஷனை இழுப்பார். பசுமலையில் அவர்கள் 1881-ல் ஆரம்பித்ததுதான் அமெரிக்கன் கல்லூரி. பிறகு கோரிப்பாளையம் பக்கம் இடம் மாறியது. நான் பி.காம். படித்தது அங்கேதான். (கணக்கு இன்னும் வரவில்லை என்றால் அது காலேஜின் குற்றமில்லை.)

போன மார்ச்சில் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்.

டிசம்பர் பிறந்தது. தெருவில் எல்லா மாடியிலும் ஸ்டார். எங்கள் மாடியில் வெறும் கம்பி. "ஸ்டார் வேணாம், பலகாரம் வேணாம். துக்க வீட்டுல எண்ணெய்ச்சட்டி வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டாள் அம்மா. அதற்குமேல் பேச்சே இல்லை. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கத்திய டீச்சர், ஒரு நாள் முழுக்க நாலு வார்த்தை பேசினால் அதிகம்.

மனசு கேட்காமல் இருபத்துமூணாம் தேதி இடைக்காட்டூருக்குக் கூட்டிப் போனேன். ராமேஸ்வரம் ரோட்டில் சுமார் 35 கிலோமீட்டர். வைகைக் கரையோரக் கிராமம். வயலும் கருவேலங்காடுமாய் வந்துகொண்டிருக்கும்போது, திடீரென்று ஒரு பிரெஞ்சு தேவாலயம்! நிஜமாகவே அப்படித்தான். பிரான்ஸில் உள்ள ரீம்ஸ் பேராலயத்தைப் பார்த்து, பெர்டினாண்ட் செல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1894-ல் கட்டி முடித்த திரு இருதய ஆலயம். வளைவுக்கு ஒரு அச்சு, தூணுக்கு ஒரு அச்சு என்று விதவிதமாய் வார்த்த செங்கல்கள். சிலைகள் பிரான்ஸிலிருந்தே வந்தவை. மாட்டுவண்டிக் காலத்தில் இந்தப் பொட்டல் வெயிலில் நின்றுகொண்டு ஒரு மனுஷன் கண்ட கனவு, ஸார்!

அம்மா ஒரு தூணைத் தடவிக்கொண்டே நின்றாள். அப்பா பொதுப்பணித்துறை ஓவர்சியர்.

"உங்கப்பா இருந்தா சாமி கும்பிடறதை விட்டுட்டு செங்கல்லை எண்ணிக்கிட்டு இருப்பாரு."

மார்ச்சுக்கு அப்புறம் அவரைப் பற்றி அவள் வாயால் வந்த முதல் பேச்சு அது. கண்ணில் தண்ணீர் இருந்தாலும் சிரிப்பும் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் எதிர்வீட்டு அத்தை கதவைத் தட்டினார். கையில் எவர்சில்வர் தூக்குவாளி. "டீச்சரம்மா, நீங்க சுடக் கூடாது. சரி. நாங்க சுடலாம்ல?" திறந்தால் அதிரசம், முறுக்கு. வாங்கி வைத்த அம்மா, ரொம்ப நேரம் அந்தத் தூக்குவாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நள்ளிரவுப் பூசை முடிந்து வந்தோம். நரிமேட்டுக்குக் கூப்பிட எனக்குத் தைரியம் இல்லை. படுத்துவிட்டேன். நாலு மணிக்கு யாரோ உலுக்கினார்கள். பார்த்தால் அம்மா, குளித்துத் தயாராக நிற்கிறாள்.

"எந்திரிடா. உங்கப்பா சர்ச்சுக்கு நேரமாச்சு."

பெண்கள் பக்கம் போகுமுன் என் காதோரம் சொன்னாள்: "அவரு இடத்துல போய் உட்காரு." மூன்றாவது பெஞ்ச், ஜன்னலோரம். உட்கார்ந்தபிறகுதான் தெரிந்தது, அங்கேயிருந்து பார்த்தால் நேர் எதிரே தெரிவது அம்மா உட்காரும் இடம். மனுஷன் வருஷக்கணக்கில் பிரசங்கத்தைக் கவனித்த லட்சணம் இதுதானா!

வெளியே வந்ததும் வண்டியில் ஏறாமல் நின்றாள்.

"மார்க்கெட் பக்கம் விடு. கேரட், பீன்ஸ், பட்டாணி வாங்கணும்."

"எதுக்கும்மா? சமையல் வேணாம்னியே?"

"தூக்குவாளியை வெறுமனேயா திருப்பிக் கொடுப்பாங்க? அவங்க பையன் மாலை போட்டிருக்கான். புதுப் பானையில முதல்ல காய் பிரியாணி. கறியெல்லாம் அப்புறம்."

டி நொபிலி இருந்தால் அந்தப் பானைக்குத்தான் தட்டை நீட்டியிருப்பார் என்றேன். "வாயை மூடிட்டு வண்டியை எடு" என்றாள் அம்மா, பழைய டீச்சர் குரலில்.