எழுத்து விழாத கடவுச்சொல்

ஆர்ச் லினக்ஸை தம்ப் டிரைவிலிருந்து கிளப்பினால் எஸ்எஸ்எச் சேவை தானாகவே ஓடும். ஆனாலும் வேறு கணினியிலிருந்து உள்ளே போக முடியாது. ரூட்டுக்குக் கடவுச்சொல் காலி. வெறுங்கையோடு வருகிறவரை எஸ்எஸ்எச் விடாது. 1995-ல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்ட பிறகு தத்து யூலோனென் எழுதியது அது. சந்தேகம் அதன் பிறவிக்குணம். எனக்குப் பிடித்த குணமும்கூட. முதல் கடவுச்சொல்லை யாராவது அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்துதான் வைக்கணும்.

சிம்பாங் ரெங்கம் வீட்டில் அப்பா விட்டுப்போன கணினி கிளம்பவில்லை. வன்தட்டு முழுக்க அவர் எடுத்த படங்கள். திரையில் பாதி கறுப்பு, அதில் வேலை பார்க்க முடியாது. கடவுச்சொல்லை மட்டும் அம்மாவை வைக்கச் சொன்னேன்.

"அடிக்கிறேன், ஒன்னும் விழலையேடா?"

"விழாதும்மா. அடிச்சிக்கிட்டே போங்க."

இரண்டு தடவை அடித்தார். என்ன சொல் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார்: அப்பா அவரைக் கூப்பிடும் பெயர். நான் கேள்விப்பட்டதே இல்லை.

ஹாலில் என் மடிக்கணினியில் அதை அடித்து உள்ளே போனேன். வன்தட்டைப் படிக்க மட்டும் திறந்தேன். படங்கள் வரத் தொடங்கின. எல்லாம் நினைவகத்தில் ஓடுவதால், கணினியை அணைத்தால் அந்தக் கடவுச்சொல்லும் போய்விடும் என்றேன்.

"அப்ப அணைக்காத, இருக்கட்டும்," என்றார் அம்மா.