மோய் ஆற்றின் இக்கரையிலிருந்து...

மோய் ஆறு அப்படியொன்றும் பெரிய ஆறு அல்ல. மழை குறைந்த மாதங்களில் சில இடங்களில் முழங்கால் அளவு தண்ணீர்தான் ஓடும். இக்கரையில் தாய்லாந்தின் மே சோட். அக்கரையில் மியன்மாரின் மியாவாடி. ஆற்றங்கரைச் சந்தையில் நின்று பார்த்தால் எதிர்க்கரையில் துணி அலசுபவரின் முகம்கூடத் தெரிகிறது. இவ்வளவு பக்கத்தில் ஒரு நாடு பல ஆண்டுகளாகத் தனக்குள்ளேயே போரிட்டுக்கொண்டிருக்கிறது என்பதை நம்புவதற்குச் சற்று நேரம் பிடிக்கும்.

பேங்காக்கிலிருந்து மே சோட்டுக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர். இரவுப் பேருந்தில் ஏறினால் காலையில் போய்ச் சேரலாம். தாக் நகரைத் தாண்டியதும் மலைப்பாதை தொடங்கும். கூடவே சோதனைச் சாவடிகளும். நம் கடப்பிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்கள். முன் இருக்கையில் இருக்கும் பர்மியத் தொழிலாளியிடம் மட்டும் விசாரணை நீளும்.

ஊருக்குள் இறங்கியதும் தாய்லாந்தில்தான் இருக்கிறோமா என்ற சந்தேகம் வந்துவிடும். பெயர்ப்பலகைகளில் தாய் எழுத்துக்குப் பக்கத்தில் வட்ட வட்டமாகப் பர்மிய எழுத்து. பெண்கள், பிள்ளைகள் கன்னங்களில் தனாக்கா பூச்சு. காலைப் பசியாறலுக்கு மீன் குழம்பில் ஊறிய மோஹிங்கா நூடல்ஸ். தேநீர்க் கடைகளில் குட்டை நாற்காலிகள்.

இந்த ஊரில் இரண்டு தலைமுறை அகதிகள் இருக்கிறார்கள். 1988 மாணவர் போராட்டத்தை ராணுவம் ஒடுக்கியபோது தப்பி வந்தவர்களில் ஒருவர் டாக்டர் சிந்தியா மாவ்ங். மறு ஆண்டே அவர் தொடங்கிய மே தாவ் மருத்துவமனை இன்றும் எல்லை தாண்டி வரும் நோயாளிகளைப் பார்க்கிறது. இரண்டாவது தலைமுறை, 2021 பிப்ரவரி 1க்குப் பிறகு வந்தது. அன்றுதான் ஜெனரல் மின் ஆங் லைங் தலைமையிலான ராணுவம், மூன்று மாதங்களுக்கு முன்பு தேர்தலில் வென்றிருந்த ஆங் சான் சூச்சியின் கட்சியைப் பதவியேற்க விடாமல் ஆட்சியைப் பிடித்தது. வேலைநிறுத்தம் செய்த ஆசிரியர்கள், மருத்துவர்கள், வங்கி ஊழியர்கள் பலர் இந்த ஆற்றைக் கடந்தார்கள்.

பிறகு போர் பெரிதானது. 2023 அக்டோபர் 27இல் மூன்று இனக்குழுப் படைகள் கூட்டாகத் தாக்குதல் தொடங்கி, வடக்கே ஷான் மாநிலத்தில் ஊர் ஊராகக் கைப்பற்றின. ஆள் பற்றாக்குறையில் தவித்த ராணுவம் 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 18 முதல் 35 வயதுவரை ஆண்கள், 18 முதல் 27 வரை பெண்கள். நம் வீடுகளில் பிள்ளைகள் கல்லூரிக்கும் முதல் வேலைக்கும் போகும் வயது அது.

பொருளாதாரத்தின் கதையைச் சந்தையிலேயே படித்துவிடலாம். ஆட்சிக் கவிழ்ப்புக்கு முன்பு ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறக்குறைய 1,300 சாட். 2022இல் ராணுவ அரசு 2,100 என்று விலை கட்டியது. 2024இல் வெளிச்சந்தையில் அது 4,000ஐத் தாண்டிவிட்டது. சம்பளம் அதே எண். அரிசியும் எண்ணெயும் வேறு எண். வெளிநாட்டில் உழைப்பவர்கள் வருமானத்தில் கால் பங்கை அதிகாரபூர்வ வழியில்தான் அனுப்ப வேண்டும் என்று 2023இல் உத்தரவும் வந்தது. அரசு கட்டிய விலைக்கு மாற்றினால் வீட்டுக்குப் போய்ச் சேரும் பணம் பெரிதும் குறையும். அதனால் பலரும் நாடுவது ‘ஹுண்டி’. ஆம், நம் உண்டியல்தான். இந்திய வணிகர்கள் விட்டுவந்த சொல் பர்மிய மொழியில் இன்னும் புழங்குகிறது.

ஊரில் இரண்டு நட்புறவுப் பாலங்கள் உண்டு. 1997இல் திறந்தது மக்களுக்கு. 2019இல் திறந்தது சரக்கு லோரிகளுக்கு. 2025 ஆகஸ்டில் ராணுவ அரசு இரண்டாவது பாலத்தின் வழியே நடந்த வணிகத்தை நிறுத்தியது. எல்லை வணிகத்திலிருந்து ஆயுதக் குழுக்களுக்குப் போகும் வருமானத்தை அடைப்பதே நோக்கம் என்றார்கள். ஆனால் பாலத்தை மூடினால் சரக்கு நிற்பதில்லை, விலைதான் ஏறுகிறது. ஆற்றோரம் நடந்தால் படகுத் துறைகள் ஏன் இத்தனை என்பது புரியும்.

அதே துறைகள் வழியாகத்தான் நம் பிள்ளைகளும் போயிருக்கிறார்கள். மே சோட்டுக்கு வடக்கே ஷ்வே கொக்கோ, தெற்கே கேகே பார்க். இரண்டும் இணைய மோசடி வளாகங்களாக உலகெங்கும் பெயரெடுத்தவை. உயர்ந்த கட்டடங்களை இக்கரையிலிருந்தே பார்க்கலாம். 2022இல் தகவல் தொழில்நுட்ப வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் மியாவாடியிலிருந்து மீட்கப்பட்டார்கள். மலேசியர்களும் சிக்கினார்கள். 2025 பிப்ரவரி 5இல் தாய்லாந்து அக்கரைக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்தது. அடுத்த சில வாரங்களில் 7,000க்கும் மேற்பட்டோர் வெளியே கொண்டுவரப்பட்டனர்.

ராணுவம் ஆளும் நாட்டில் இது எப்படி நடக்கிறது? இந்தப் பகுதியைக் காக்கும் பொறுப்பை ராணுவம் தன்னோடு இணைந்த கரேன் எல்லைக் காவல் படைக்கு விட்டது. அந்தப் படையின் நிழலில், சீன முதலீட்டாளர்களின் பணத்தில் வளாகங்கள் எழுந்தன. 2024 ஏப்ரலில் மியாவாடி கிட்டத்தட்ட ராணுவத்தின் கைவிட்டுப் போனபோது அதைக் காப்பாற்றிக் கொடுத்ததும் அதே படைதான். தன்னைத் தாங்கிப் பிடிக்கும் கையை ராணுவம் எப்படி வெட்டும்? அவ்வப்போது சோதனை நடக்கிறது, கட்டடங்கள் இடிக்கப்படுகின்றன. கும்பல்கள் இடம் மாறுகின்றன.

வெளியுறவும் இதே கணக்குத்தான். வங்கக் கடலோரம் உள்ள சாவ்க்பியூவிலிருந்து யுன்னானுக்கு எரிவாயு, எண்ணெய்க் குழாய்கள் போட்டிருக்கிறது சீனா. சுற்றிலும் பெரும்பகுதி அரக்கான் படையிடம் இருப்பதால் பெய்ஜிங் இரு தரப்போடும் பேசுகிறது. 2024இல் கிளர்ச்சிப் படை பிடித்த லாஷியோ நகரம், சீனாவின் அழுத்தத்தால் 2025 ஏப்ரலில் ராணுவத்திடமே திரும்பியது. ரஷ்யா ஆயுதம் விற்கிறது. சிங்கப்பூரில் இயங்கிய நிறுவனங்கள் வழியாக 25 கோடி டாலருக்கும் அதிகமான ஆயுதத் தளவாடங்கள் போனதாக ஐநா சிறப்பு அறிக்கையாளர் 2023இல் சொன்னார். சிங்கப்பூர் அரசு விசாரணையில் இறங்கிய பிறகு அது ஏறக்குறைய 90 விழுக்காடு குறைந்ததாக மறு ஆண்டு அவரே குறிப்பிட்டார். மனம் வைத்தால் முடியும் என்பதற்கு இது ஒரு சான்று. 2021 ஏப்ரலில் ஜகார்த்தாவில் ஒப்புக்கொண்ட ஆசியானின் ஐந்து அம்ச இணக்கமோ ஏட்டில் இருக்கிறது. அதன் முதல் அம்சமே வன்முறையை உடனே நிறுத்துவது.

மே சோட்டிலிருந்து மேற்கே போகும் நெடுஞ்சாலை மோல்மேன் பக்கம் இறங்குகிறது. அதற்குத் தெற்கே உள்ள தன்பியூசயாட்டில்தான் சயாம் மரண ரயில் பாதையின் பர்மிய முனை. 415 கிலோமீட்டர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன நம் தாத்தாக்கள் ஆயிரக்கணக்கில் அங்கே மாண்டார்கள். நேச நாட்டு வீரர்களுக்கு அங்கே பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு, நம்மவர்களுக்கு இல்லை. 1962இல் ஆட்சியைப் பிடித்த ஜெனரல் நே வின் பின்னர் கடைகளையும் வங்கிகளையும் நாட்டுடைமையாக்கியபோது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கையில் கிடைத்ததோடு கப்பலேறினார்கள். சென்னையின் பர்மா பஜார் அவர்கள் நினைவாக இன்னும் இருக்கிறது.

மே சோட் போகிறவர்கள் ஆற்றைக் கடக்க வேண்டாம். சோதனைச் சாவடிகளையும் அங்கே இருப்பவர்களின் முகங்களையும் படமெடுக்க வேண்டாம். ஒரு படம் அக்கரையில் இருக்கும் குடும்பத்துக்கு வினையாகலாம். பர்மியர் நடத்தும் கடையில் சாப்பிடுங்கள். பேங்காக்கில் வேலை என்று அழைத்த வாகனம் தாக் பக்கம் திரும்பினால் அது வேலை அல்ல என்று வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

தேநீர்க் கடையில் பரிமாறிய இளைஞர் பினாங்கில் சில காலம் வேலை பார்த்தவராம். மலாய் நன்றாகப் பேசினார். அண்ணன் செலாயாங் சந்தையில் காய்கறி இறக்குகிறாராம். “அபாங், மலேசியாவில் யுஎன் அட்டை கிடைக்க எத்தனை மாதமாகும்?” என்று கேட்டார். அந்த அட்டை இருந்தாலும் சட்டப்படி வேலை செய்ய அனுமதி இல்லை என்றேன். தெரியும் என்று தலையாட்டினார். “ஆனால் அங்கே யாரும் துப்பாக்கி கொடுத்து என் ஊர்க்காரனையே சுடச் சொல்ல மாட்டார்களே” என்றார்.

அடுத்த முறை சந்தையில் நமக்குக் காய்கறி நிறுத்துத் தருபவர் அந்த அண்ணனாகவும் இருக்கலாம்.