காலையில் ஒரு பைக்கற் தூள்

மே 19
கார்ஜ் லே கொனெஸ் வீட்டுக்கு வந்தாயிற்று. ஊசி ஏற்றிய வலது தொடை இடுக்கு உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருக்கிறது. காலையில் கார்டெஜிக் 75, தண்ணீரில் கரைக்கும் அஸ்பிரின் தூள். கூடவே க்ளோபிடோக்ரெல் 75, ஒரு குளிசை. மூன்று மாதம் இரண்டும். பிறகு ஒன்று மட்டும்.

மே 22
இரத்தம் தண்ணியாகாதாம். குருதித் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்ப்பதுதான் மருந்தின் வேலை. இதயத்து ஓட்டையின் இரு பக்கமும் சட்டைப் பொத்தான் மாதிரி நிக்கல்-டைட்டேனியக் கம்பி வலை. அதன்மேல் என் சவ்வு வளர்ந்து மூடும்வரை அங்கே இரத்தம் கட்டக்கூடாது.

மே 23
பயம்.

ஜூன் 4
லாச்சப்பல் சலூனில் தாடையில் சின்னக் கீறல். தம்பி படிகாரக் கல்லை அழுத்தினார். நிற்கவில்லை. "அண்ணை, குளிசை ஏதும் போடுறியளோ? முதலே சொல்லவேணுமெல்லோ!" கார் து நோர்டில் ஏறி கார்ஜ்-சார்செல் வரும்வரை கைக்குட்டையை எடுக்கவில்லை. எதிர் சீற்றில் இருந்த பெண் எழும்பி அங்கால போனா.

ஜூன் 15
அம்மா நல்லூரானுக்கு நேர்த்தி வைத்துவிட்டாவாம்: நான் வந்து செடில் குத்தித் தூக்குக்காவடி எடுக்கவேணும், இந்த வருசமே. இந்த இரத்தத்தோடு முதுகில் கொளுக்கி! கத்திவிட்டேன்.

அம்மா கத்தவில்லை. "என்ர வயித்தில இருக்கேக்கதானே வந்த ஓட்டை. 83இல கப்பலேறிக் காங்கேசன்துறையில இறங்கேக்க நீ ஏழு மாசம். ஒழுங்காச் சாப்பிட்டனானோ?"

விளங்கப்படுத்தினேன். வயிற்றிலிருக்கும் எல்லாப் பிள்ளைக்கும் அந்த வாசல் உண்டு; சுவாசப்பை வேலைசெய்யாத காலத்தில் தாயின் நல்ல இரத்தம் அதால்தான் இடப்பக்கம் போகிறது. பிறந்தபின் மூடும். நாலு பேரில் ஒருவருக்கு முழுதாக மூடாது. மாசியில் எனக்குப் பாரிசவாதம் வந்ததும் அதால் கடந்த கட்டியால்தானாம்.

நீண்டநேரம் பேச்சில்லை. பிறகு, "அப்ப பிரதட்டை பண்ணலாம்தானே?"

ஜூன் 17
2017இல் வெளிவந்த ஆய்வு, பாரிஸ் சென்டான் மருத்துவமனையின் ழான்-லூயி மாஸ் தலைமையில். ஓட்டை மூடிய 238 பேரில் ஒருவருக்கும் பாரிசவாதம் திரும்பவில்லை. குருதித் தட்டு மருந்து மட்டும் எடுத்த 235 பேரில் 14 பேருக்குத் திரும்பியது. மூடியவர்களில் சிலருக்கு இதயத்துடிப்பு ஒழுங்கு தவறியதாம். நித்திரையில்லாமல் அந்த வரியையே வாசிக்கிறேன்.

ஜூன் 30
பல்லுக்கொதி. ஆறு மாதத்துக்குள் பல்லில் கைவைப்பதென்றால் முன்கூட்டியே அன்ரிபயோட்டிக். கராம்பு கடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 20
எனக்குப் பதிலாக அம்மா தானே அடியழிக்கப் போறாவாம். 68 வயது, முழங்கால் வருத்தம். அம்மாவும் காலையில் அஸ்பிரின் போடுகிறா என்று தங்கச்சி இன்றுதான் சொன்னாள்.