பழவேற்காட்டுக் கரையில்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், கடலுக்கும் உப்புநீர் ஏரிக்கும் நடுவே அமைந்திருக்கிறது பழவேற்காடு. பொன்னேரி வரை இரயிலிலும், அங்கிருந்து பேருந்திலும் செல்லலாம். ஒல்லாந்தர் 1613-இல் நிறுவிய கெல்திரியா கோட்டை இன்று முட்புதர் மண்டிய இடிபாடு. அக்காலத்தில் இங்கிருந்து கப்பலேறிய துணியின் நினைவாகவே மலாய் மக்கள் இன்றும் கட்டம் போட்ட கைலியைப் 'பெலிக்காட்' என்கின்றனர்.

நான் கோட்டை பார்க்கச் செல்லவில்லை. என் பாட்டனார் கைப்பட எழுதிய அரபுத்தமிழ் ஏடு ஒன்று என்னிடம் உள்ளது. அதனைத் தமிழெழுத்தில் பெயர்த்தெழுதத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. முடிந்தவை 11 பக்கங்கள். ஆரோக்கியம், ஓய்வு ஆகிய இரு அருட்கொடைகளிலும் மனிதர் பலர் ஏமாந்து போவதை எச்சரிக்கும் நபிமொழியை ஆண்டுதோறும் மாணவர்க்கு நடத்துகிறேன். நடத்தும்போதெல்லாம் அது என்னை நோக்கியே சொல்லப்பட்டதாகத் தோன்றும். பிள்ளைகளோடு உண்ண அமர்ந்தால் ஏட்டின் நினைவு. ஏட்டை விரித்தால் பிள்ளைகளை விரட்டிவிட்ட நினைவு. ஒருநாள் என் இளைய மகள், "அத்தா, நீங்க சும்மா இருக்கும்போது கூப்பிடுங்க" என்று கூறிவிட்டுப் போனாள். சும்மா இருந்த நேரம் என்று எனக்கு ஒன்று இருந்ததே இல்லை. வேலை செய்த நேரமும் இருந்ததில்லை.

சென்ற ஷவ்வால் விடுமுறையில், நண்பர் இல்லத்தில் நான்கு நாள் தங்கி எழுதிவிடுவோம் என்று ஏட்டுடன் பழவேற்காடு சென்றேன்.

அவ்வூர்ப் பள்ளிவாசல் ஒன்றில் நிழற்கடிகாரம் உண்டு. லுஹருக்குச் சற்று முன்பு அதனருகே நின்றேன். கதிரவன் உச்சியில் நிற்கும் அச்சிறு பொழுதில் நஃபில் தொழுவதற்கும் தடை உண்டென்பதை அறிவீர்கள் (வெள்ளிக்கிழமைக்கு ஷாபிஈ மத்ஹபில் விலக்குண்டு). இச்சட்டத்தை எத்தனையோ முறை கற்பித்திருக்கிறேன். வணக்கத்திற்கே ஒரு நிறுத்தம் வைக்கப்பட்டிருக்கிறது என்பது அன்றுதான் உறைத்தது.

அஸருக்குப் பின் ஏரிக்கரைக்குச் சென்றேன். தொலைவில் படகுகள் தெரிந்தன. கரையில் முதியவர் ஒருவர் வலையின் கிழிசலைத் தைத்துக் கொண்டிருந்தார். "நீங்கள் போகவில்லையா ஐயா?" என்றேன்.

"இன்னைக்கு நம்ம பாடு இல்ல, பாய்."

இவ்வேரி மீனவரிடையே 'பாடு' என்றொரு முறை வழங்கி வருகிறது. மீன் மிகுந்த இடங்களில் வலை கட்டும் உரிமையைச் சீட்டுக் குலுக்கி, முறை வைத்துப் பகிர்ந்து கொள்கின்றனர். நல்ல இடம் ஒருவருக்கே நிலையாகச் சேர்ந்துவிடாது. முறை வராதவர் அவ்விடத்தில் இறங்கலாகாது.

"ஒரு நாள் வீணாகிறதே என்று வருத்தமாயிராதா?" என்று கேட்டேன். அவர் தலை நிமிரவில்லை.

"வீணா? அது அடுத்தவன் நாளு பாய். அதுல நான் வலை போட்டா திருட்டு."

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஸல்மானுல் ஃபார்ஸி (ரலி) அவர்கள், அபூதர்தா (ரலி) அவர்களைக் காணச் சென்ற நிகழ்ச்சி புகாரியில் உள்ளது. நோன்பிருந்த நண்பரைத் தம்முடன் உண்ண வைத்தார்கள். முன்னிரவில் தொழ எழுந்தவரை உறங்க வைத்தார்கள். இரவின் கடைப்பகுதியில் எழுப்பி, இருவரும் தொழுதார்கள். இறைவனுக்கும் உடலுக்கும் இல்லத்தாருக்கும் உரியதை அவரவர்க்குக் கொடுக்குமாறு அவர்கள் கூறியதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் உண்மையென ஏற்றார்கள். இதனை அளவு மீறிய வணக்கத்திற்கான எச்சரிக்கையாகவே நான் படித்திருந்தேன். பங்கு பிரித்த செய்தியாகப் படித்ததில்லை. என் மகளின் பாட்டில் நாள்தோறும் வலை போட்டவன் நான். மீனும் அகப்படவில்லை.

எஞ்சிய நாட்களில் ஏட்டைத் திறக்கவில்லை. அவ்வூர் முஸ்லிம் பெண்கள் பனையோலையில் அழகழகாகப் பெட்டிகள் முடைகின்றனர். மகளுக்கு ஒன்று வாங்கி வந்தேன்.

இப்போது சுப்ஹுக்குப் பின் ஒரு மணி நேரம் ஏட்டுக்குரியது. 19 பக்கங்கள் ஆகியுள்ளன. உறுத்தல் முற்றும் அகன்றுவிட்டதென்று சொன்னால் பொய்யாகும். சில மாலைகளில் கை தானாக ஏட்டைத் தேடும். அதற்குள் மகள் ஓலைப்பெட்டியிலிருந்து புளியங்கொட்டைகளைக் கொட்டிப் பல்லாங்குழியை விரித்துவிடுவாள். முதல் ஆட்டம் யாருக்கு என்பதில்தான் எங்களுக்குள் இன்னும் வழக்குத் தீரவில்லை.