லாடம் கழற்றும் வேலை

மாட்டுக்கு லாடம் அடிப்பதென்றால் முதலில் அதைக் கீழே சாய்க்க வேண்டும். கயிற்றைப் போட்டு விழத்தட்டி, நாலு காலையும் சேர்த்துக் கட்டி, ஓர் ஆள் கழுத்தை அமுக்கிக்கொள்ள, பிளந்த குளம்புக்கு இரண்டு தகடு வீதம் எட்டுத் தகடு அடித்து அவிழ்த்துவிடுவோம். மாட்டின் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை. குதிரையிடம் அந்தக் கதை நடக்காது. நிற்கவைத்துத்தான் அடிக்க வேண்டும். அதுவாகக் காலைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரவேண்டியதுதான்.

என் அப்பா புதுக்கோட்டையில் ஜட்கா வண்டிக் குதிரைகளுக்கு லாடம் கட்டியவர். எனக்குப் பத்து வயதில் அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடத்தில் சுத்தியலும் கிடையாது, ஆணியும் கிடையாது. "முன்னாடி போகாத, பின்னாடி போகாத, தோளுக்குப் போ" என்றார். குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருக்கிறது. ஏறக்குறைய சுற்றிலும் பார்த்துவிடும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் அதற்குக் குருடு. அந்த இரண்டு இடத்தில் திடீரென்று முளைக்கிற மனுஷன் அதற்குப் புலி. தோளில் கை வைக்க வேண்டும்; வைத்த கையை எடுக்காமலே முழங்கால், கணைக்கால் என்று வழித்துக்கொண்டு இறங்க வேண்டும்; இறங்கும்போது ஏதாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அப்பா பேசியதெல்லாம் அரிசி விலையும் பங்காளிச் சண்டையும்தான். குதிரைக்கு வேண்டியது குரலில் அவசரமில்லை என்ற செய்தி.

குதிரை ஓடிப் பிழைக்கிற பிராணி. கொம்பு கிடையாது, நகம் கிடையாது. அப்படிப்பட்டது ஒரு காலைத் தூக்கி உங்கள் மடியில் வைத்தால், தன் ஓட்டத்தை உங்களிடம் அடகு வைத்திருக்கிறது என்று பொருள். ஐம்பது வருஷமாக இந்த அடகுக்கடையைத்தான் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

லாட ஆணியின் நுனியில் ஒரு பக்கம் மட்டும் சரிவு உண்டு. சரிவு உள்பக்கம் பார்க்கும்படி வைத்து அடித்தால் ஆணி வெளியே வளைந்து, குளம்பின் சுவரில் ஒரு விரற்கடை உயரத்தில் எட்டிப் பார்க்கும். முனையை முறித்து மடக்கிவிடலாம். மாற்றி வைத்தால் பச்சைச் சதைக்குள் ஏறிவிடும். சரியாக வைத்தாலும் குளம்பு மெல்லிசாக இருந்தால் ஏறும். அதைக் கண் கண்டுபிடிக்காது, காதுதான் கண்டுபிடிக்கும். கெட்டியான குளம்பில் இறங்கும் ஆணி அடிக்கு அடி சத்தம் கூர்மையாகிக்கொண்டே போகும். சத்தம் மொத்தையாக விழுந்தால் உடனே நிறுத்திப் பிடுங்க வேண்டும்.

எனக்கு இருபத்தாறு வயதில் ஒரு பந்தயத்துக்கு முந்தின நாள், பக்கத்தில் ரேடியோவை அலறவிட்டுக்கொண்டு அடித்தேன். விடிந்ததும் அந்தக் குதிரை இடது முன்னங்காலை நுனியில் ஊன்றி நின்றுகொண்டிருந்தது. கால்நடை மருத்துவர் ஆணியைப் பிடுங்கி, டெட்டனஸ் ஊசி போட்டார். நாலாம் நாள் சீழ் வந்தது. பந்தயம் போச்சு. தப்பு முழுக்க என்னுடையது. வண்டிக்காரர் அதன்பிறகு என்னிடம் வரவில்லை, வந்திருந்தால்தான் ஆச்சரியம். அன்றிலிருந்து வேலை நடக்கும் இடத்தில் செல்போன்கூட அடிக்கக் கூடாது.

லாடக்காரனுக்கு எழுதப்பட்ட சரித்திரம் கிடையாது. ஆனால் அவன் இல்லாமல் போனதற்கு ஒன்று இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்கோ போலோ, இங்கே ஒரு ராஜா ஆண்டுக்கு 2000 குதிரைக்கு மேல் வாங்குகிறான், வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று எழுதியிருக்கிறார். சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துத் தின்னக் கொடுத்தார்களாம். குதிரையைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆளோ லாடம் கட்டும் ஆளோ இல்லையாம். ஹோர்முஸ், கிஷ் பக்கமிருந்து கப்பலில் குதிரை கொண்டுவந்த வியாபாரிகள் அப்படிப்பட்ட ஆட்களை வேண்டுமென்றே இங்கே வரவிடவில்லையாம். குதிரை செத்தால்தானே அடுத்த வருஷமும் வியாபாரம்!

அந்தக் குதிரை ஆசையின் மறுபக்கம் எங்கள் மாவட்டத்திலேயே கல்லில் நிற்கிறது. ஆவுடையார்கோயில், பழைய திருப்பெருந்துறை. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பணத்தை மந்திரி மாணிக்கவாசகர் இங்கே கோயிலுக்குச் செலவழித்துவிட, நரிகளையெல்லாம் பரிகளாக்கிச் சிவனே குதிரைச் சேவகனாக மதுரைக்கு ஓட்டிப்போனார் என்பது புராணம். ராத்திரி அவை மறுபடி நரியாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துப்போட்டன. அந்தக் கோயிலில் குதிரைச்சாமியைக் கும்பிடும்போதெல்லாம் எனக்கு ஒரே நினைப்புத்தான். சுழி பார்த்திருப்பார்கள், நிறம் பார்த்திருப்பார்கள், பல்லைக்கூடப் பிடித்துப் பார்த்திருப்பார்கள். ஒருத்தன் காலைத் தூக்கிப் பார்த்திருந்தால்? சாமி குத்தம், விடுங்கள்.

ஜட்கா போனபின் எங்கள் பிழைப்பைக் காப்பாற்றியது எல்கைப் பந்தயம். அறந்தாங்கி, திருமயம், ஆலங்குடி பக்கம் கோயில் திருவிழா என்றால் மாட்டு வண்டிக்குப் பின்னால் குதிரை வண்டியும் ஓடும். தூரம் இன்னும் மைல் கணக்கில்தான். தார்ச்சாலையில் அந்த வேகத்தில் ஓடும் குதிரையின் கால் என்ன பாடுபடும் என்பது லாடத்தின் தேய்மானத்தில் எனக்குத் தெரியும். ஜெயிக்கிற வரைக்கும் அதற்குக் கொள்ளு, முட்டை, மாலை எல்லாம் உண்டு. பந்தயக்காரர்களை ஒரேயடியாகக் குறை சொல்ல மாட்டேன். குதிரை செத்ததற்கு மொட்டை அடித்துக்கொண்டவரையும் பார்த்திருக்கிறேன். ஆனால் முழங்கால் வீங்கிய குதிரை தரகர் கைக்குப் போகும். அங்கிருந்து மாப்பிள்ளை ஊர்வலம், பிறகு கடற்கரைச் சவாரி, பிறகு ஏதாவது ஒரு புறவழிச்சாலை ஓரம். நாடு முழுக்கவே குதிரை குறைந்துவருகிறது. 2012 கணக்கெடுப்பில் 6.25 லட்சம், 2019இல் 3.4 லட்சம். குறைந்ததெல்லாம் எங்கே போயின என்று கணக்கெடுப்பில் ஒரு கட்டம் கிடையாது.

அப்படித் தள்ளிவிடப்பட்ட குதிரைகளுக்கு இடம் கொடுப்பவர் ஆலங்குடி பக்கம் ஒரு தம்பி. பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அவருடைய தென்னந்தோப்பைப் படுக்கவைத்துவிட்டது. விழுந்த மரங்களை அப்புறப்படுத்தும்போது கண்ணாடி விரியன் கடித்தது. ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிப் பிழைத்தார். அந்த மருந்து எப்படி வருகிறதென்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலின் விஷத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து பிரித்தெடுப்பதுதான் பாம்புக்கடி மருந்து. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர்கள் 1978இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் மூலம் அதற்கு விஷம் எடுத்துக் கொடுக்கிறார்கள். "அண்ணே, எனக்குள்ள குதிரை ஓடுது" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். தென்னை போன இடத்தில் புல் முளைத்திருந்தது. முதலில் ஒரு கிழட்டுக் குதிரையைக் கட்டினார். இப்போது ஐந்து. காப்பகம் என்று போர்டு கிடையாது. செலவு அவருடையது, குளம்பு என்னுடையது.

அங்கே போன முதல் நாள்தான் என் வேலை தலைகீழானது. ஐம்பது வருஷம் லாடம் அடித்தவனை, கழற்றக் கூப்பிட்டிருந்தார்கள். தார்ச்சாலையை மிதிக்காத குதிரைக்கு லாடம் எதற்கு? கழற்றுவது அடிப்பதைவிடச் சுளுவு என்று நினைப்பீர்கள். மடக்கிய ஆணி முனைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தாமல் குறட்டைப் போட்டு இழுத்தால் குளம்புச் சுவர் சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிடும். குதிகாலிலிருந்து நெம்பி நுனிக்கு வர வேண்டும். அப்புறம் அரம் போட்டு ஓரத்தை உருட்ட வேண்டும். கொஞ்ச நாள் வெறுங்காலில் தயங்கித் தயங்கி நடக்கும். நமக்கே செருப்பைப் பிடுங்கிக்கொண்டால் அப்படித்தானே. குளம்பு மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆறு வாரத்துக்கு ஒருதரம் போய்ச் சீவவேண்டும், அது இருக்கும்வரை. குதிரையைக் காப்பாற்றுவதென்றால் லாரியிலிருந்து இறக்கிப் போட்டோ எடுக்கிற நாளை நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது இந்த ஆறாவது வாரங்கள்தான். மசினகுடி பக்கம் மாவனல்லாவில், கைவிடப்பட்ட ஊட்டி மட்டக்குதிரைகளையும் கழுதைகளையும் வைத்துக் காப்பகம் நடத்துகிறார்கள். ஒருதரம் போனேன். மற்றவர்கள் முகத்தைத் தடவிக்கொண்டிருந்தபோது நான் குனிந்து குளம்புகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். சீவியிருந்தது. அதற்கப்புறம் நான் எதையும் விசாரிக்கவில்லை.

தோப்புக்குக் கடைசியாக வந்தது ஒரு வெள்ளைப் பெட்டை. பல்லைப் பார்த்தால் இருபது தாண்டியிருக்கும். குளம்புகள் செருப்பு நுனிபோல மேலே வளைந்திருந்தன. குளம்புச் சுவரில் குறுக்கே வளையங்கள் இருக்கும், மரத்தை அறுத்தால் தெரிகிற மாதிரி. மேலிருந்து நுனிக்கு ஏறக்குறைய ஒரு வருஷச் சரித்திரம். அதற்கு நடுவாக்கில் ஆழமாக ஒரு வளையம் ஓடியது. ஆறு மாசத்துக்கு முன்னால் கடும் காய்ச்சலோ பட்டினியோ ஏதோ ஒன்று. நுனிப்பக்கம் நெருக்கமாக இன்னும் மூன்று. அதன் வாய்க்குப் பதில் அதன் கால் சொன்னது அவ்வளவு.

தம்பி பாசத்தில் ஒரு தப்புச் செய்தார். எலும்பும் தோலுமாக இருக்கிறதே என்று இரண்டு வேளையும் அவித்த கொள்ளை வாரிக் கொடுத்தார். பட்டினி கிடந்த குதிரைக்குப் புல்லைக் கொடுத்து, தானியத்தை வாரக்கணக்கில் மெல்ல ஏற்ற வேண்டும். தானியம் மிதமிஞ்சினால் குளம்புக்குள் சதை வெந்து, எலும்பைக் குளம்போடு பிடித்துவைத்திருக்கும் பிடி நழுவும். டாக்டர் லேமினைட்டிஸ் என்பார். குதிரைக்கு வாந்தி எடுக்கவும் முடியாது, தின்றது தின்றதுதான். நான் போனபோது குளம்பில் சூடு தெரிந்தது. கொள்ளை நிறுத்தி, காலைப் பச்சைத் தண்ணீரில் நிற்கவைத்து, டாக்டரைக் கூப்பிட்டோம். தப்பித்தது. அப்போதிருந்து பார்க்க வருகிறவர்கள் பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தால் தம்பி வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார். சிலருக்குக் கோபம்.

நமணசமுத்திரம் அய்யனார் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? வழியின் இரண்டு பக்கமும் மண் குதிரைகள் வரிசைகட்டி நிற்கும். புரவி எடுப்புத் திருவிழாவுக்கு மண் வேலை செய்யும் வேளார் செய்து கொடுத்தவை. காது போனது, கால் போனது, பாசி பிடித்தது, எதையும் யாரும் அப்புறப்படுத்துவதில்லை. குளமங்கலத்தில் முப்பதடிக்கு மேல் நிற்கிற அய்யனார் குதிரைக்கு மாசி மகத்தில் காகிதப்பூ மாலை போடக் கூட்டம் நெரியும். அந்த மாலை போட்டுவிட்டுத் திரும்பிய இரண்டு பேர்தான் இந்த வெள்ளைப் பெட்டையைச் சாலையோரம் பார்த்துத் தம்பிக்குப் போன் செய்தவர்கள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

பெட்டை வந்து மூன்று வருஷமாகிறது. இரண்டு முன்னங்காலும் வலது பின்னங்காலும் கொடுக்கும். முதல் கால் ஐந்தாவது வாரத்தில் கிடைத்தது, மூன்றாவதற்கு ஒன்பது மாதம் பிடித்தது. இடது பின்னங்காலை இன்றுவரை கொடுக்கவில்லை. வழித்துக்கொண்டு இறங்கும் கை முழங்காலைத் தாண்டினால் காது பின்னால் படிந்துவிடும். அங்கே யாரோ ஏதோ செய்திருக்கிறார்கள். ஊசி போட்டு மயக்கிச் சீவலாம் என்று டாக்டர் சொன்னார். இரண்டு தரம் செய்தோம். பிறகு தம்பிக்கு ஒரு யோசனை வந்தது. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் செம்புராங்கல்லை உடைத்துப் பரப்பினார். தினம் 30 லிட்டர் தண்ணீருக்காக அது அந்தக் கல்மேல் நாலைந்து தரம் நடந்து போய்வருகிறது. போன வாரம் போய் மூன்று குளம்பைச் சீவினேன். நாலாவதை எட்ட நின்று குனிந்து பார்த்தேன். அதுவே தேய்த்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் கோணல்தான்.